பெயர்ப் பலகை விசுவாசத்தைக் காக்காது

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் இந்த நேரத்தில், பெற்றோருக்கு அறிவுரையாக ஒரு திருச்சபை மாத இதழில் கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. விசுவாசிகளின் பிள்ளைகள் கிறிஸ்தவக் கல்லூரியில் மட்டுமே படிக்க வேண்டுமாம். அரசுக் கல்லூரியும் மற்ற பொதுக் கல்லூரிகளும் அவர்களுடைய விசுவாசத்தைக் கெடுத்துவிடுமாம். கட்டணத்தைக் காரணம் காட்டி அங்கே அனுப்புகிறவர்கள் சொற்பக் காசுக்காகப் பிள்ளையின் ஆத்துமாவை விற்கிறார்களாம். நான் திருச்சபையின் பிள்ளை. அதனால்தான் இந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“கிறிஸ்தவக் கல்வி” என்று கட்டுரையாளர் சொல்வது எது? பாளையங்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். தூய யோவான் கல்லூரி 1878இலும், சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் இருக்கின்றன. இவை அனைத்தும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டம் வழங்குவது அந்தப் பல்கலைக்கழகம். கிறிஸ்தவக் கல்லூரிகளிலும் உதவி பெறும் பணியிடத்தில் இருக்கும் பேராசிரியருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்துதான் வருகிறது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற நிறுவனத்தில் எவரையும் அவர் சம்மதமின்றி மதபோதனையில் உட்காரவைக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே கிறிஸ்தவ மாணவருக்கு வேதபாடம், மற்றவருக்கு நன்னெறி என்று வாரத்தில் ஓரிரு மணி நேரம் வகுப்பு நடக்கும். மற்ற நேரமெல்லாம் அதே வேதியியல், அதே வணிகவியல், அதே தமிழ். அந்த ஓரிரு மணி நேரம் ஒரு பிள்ளையின் ஆத்துமாவைக் காத்துவிடும் என்று நம்புகிறவர், வீட்டிலும் ஆலயத்திலும் அதற்கு முன் கழிந்த பதினேழு ஆண்டுகளை எந்தக் கணக்கில் வைக்கிறார்?

இப்படிப்பட்ட கல்லூரிகளை வளர்த்தவர்களே அவற்றை விசுவாசிகளின் பிள்ளைகளுக்கான அரணாக நினைக்கவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக 1907 வரை நெடுங்காலம் இருந்தவர் வில்லியம் மில்லர். இத்தனை பேர் படித்தும் மதம் மாறியவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று மிஷன் வட்டாரத்திலேயே அவரைக் கேட்டார்கள். ஞானஸ்நான எண்ணிக்கையைக் கொண்டு கல்லூரியை அளக்க அவர் மறுத்தார். கிறிஸ்தவச் சிந்தனை சமூகம் முழுவதிலும் பரவ வேண்டும், அதற்கு எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இன்று அந்தக் கல்லூரிகளை வேலி போட்ட பாதுகாப்பு இடமாகக் காட்டும் கட்டுரையாளர், அவற்றைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவற்றின் நோக்கத்தையே அவமதிக்கிறார்.

கல்லூரியின் மதம் மாணவனின் மதத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. எதிர்ச்சான்றுகள்தான் இருக்கின்றன. ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். இந்து சமயத்தின் மீது மிஷனரிகள் வைத்த விமர்சனமே அதை ஆழமாகப் படிக்கத் தன்னைத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய முதுகலை ஆய்வைப் பாராட்டியவர் சென்னைக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த மிஷனரி ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபையாரிடம் படித்தார். இராமேசுவரத்து இஸ்லாமியராகவே வெளியே வந்தார், அந்த ஆசிரியர்களை வாழ்நாளெல்லாம் மதித்தார்.

அவர்கள் பிற மதத்தவர், நம் பிள்ளைகளின் கதை வேறு என்பாரோ? லெஸ்லி நியூபிகின் கதையைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். பள்ளியை விட்டு வரும்போது விசுவாசத்தையும் விட்டிருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்து நண்பர்கள் மூலம்தான் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த மனிதர்தான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரத்துப் பேராயரானார், பின்னர் சென்னைப் பேராயரானார்.

அரசுக் கல்லூரி விசுவாசத்தின் கல்லறை என்பது அப்பட்டமான பழி. இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் 1954இல் உருவானது. அதன் முன்னோடிகளில் ஒருவரான பேராசிரியர் எச். ஏனோக், சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். அரசு மருத்துவக் கல்லூரி விடுதிகளிலும் பொறியியல் கல்லூரி மரத்தடிகளிலும் இன்றும் ஜெபக்குழுக்கள் கூடுகின்றன. யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. தானாக வருகிறவர்கள் வருகிறார்கள். சபைகளில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களைக் கேட்டால் அவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட குழுக்களிலிருந்து வந்தவர்கள் என்று தெரியும்.

வேதாகமத்தையாவது கட்டுரையாளர் ஒருமுறை புரட்டியிருக்கலாம். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களையும் கற்றவர். தானியேலும் அவர் தோழர்களும் பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் படித்தார்கள். உணவில் எல்லை வகுத்தார்கள், படிப்பை மறுக்கவில்லை. பவுல் அத்தேனே நகரத்து மார்ஸ் மேடையில் நின்று பேசினார். எபேசுவில் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினந்தோறும் சம்பாஷித்தார். யூதாசோ இயேசுவோடு மூன்று ஆண்டுகள் ஒரே பந்தியில் இருந்தவன். சூழ்நிலைதான் விசுவாசத்தைக் காக்கும் என்றால் இவர்கள் கதையெல்லாம் வேறாக முடிந்திருக்க வேண்டும்.

“இளம் நாற்றுக்கு வேலி வேண்டும்” என்கிறார் அவர். நாற்றங்காலுக்கு வேலி போடுவது சரிதான். ஆனால் உரிய நாளில் பறித்து வயலில் நடாத நாற்று முற்றி வீணாகும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளையை இன்னும் நாற்றங்காலிலேயே வைத்திருக்கச் சொல்வது விசுவாசம் ஆகாது, அது பயம்.

மன்னிக்க முடியாதது கட்டணம் பற்றிய அவருடைய குற்றச்சாட்டு. நெல்லைச் சீமையில் பீடி சுற்றிப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியுமா? அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. கிறிஸ்தவக் கல்லூரிகளிலோ உதவி பெறும் பாடங்களில் இடம் கொஞ்சம். சுயநிதிப் பாடங்களுக்குக் கேட்கும் தொகை அந்தத் தாயின் பல மாத வருமானம். மகள் பட்டம் பெற வேண்டும் என்று அரசுக் கல்லூரி வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கிறவளைப் பார்த்து ஆத்துமாவை விற்கிறாய் என்று எழுத ஒரு மனிதனுக்கு எப்படிக் கை வந்தது? அவள் பிள்ளை கிறிஸ்தவக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்றால், கட்டணத்தைத் திருமண்டலம் கட்டட்டும். கன்வென்ஷன் பந்தலுக்கும் அசனத்துக்கும் வசூலிக்கத் தெரிந்த சபைக்கு இதுவும் முடியும். அந்த யோசனை கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நம் பிள்ளைகள் விசுவாசத்தை விட்டு விலகுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களை விரட்டுவது விலங்கியல் வகுப்பு அல்ல. ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து வாக்குக் கேட்கும் தேர்தல், சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டம், கேள்வி கேட்டால் வாயை மூடச் சொல்லும் ஞாயிறு பள்ளி இவைதான் அவர்களை விரட்டுகின்றன. இவற்றைப் பற்றி வாய் திறக்காமல் பழியை அரசுக் கல்லூரி மேல் போடுவது, நம் வீட்டுக் குற்றத்தை அடுத்த வீட்டில் ஒளித்து வைக்கும் வேலை.

கிறிஸ்தவக் கல்லூரிகளைத் தாழ்த்துவது என் எண்ணம் இல்லை. தமிழ்ப் பெண்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பல துறைகளில் அவை இன்றும் முன்னணியில் நிற்கின்றன. நல்ல துறையும் கட்டக்கூடிய கட்டணமும் அங்கே இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

பெற்றோரே, விண்ணப்பம் வாங்கும் முன் விசாரியுங்கள். பிள்ளை விரும்பும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? ஆய்வகம் இயங்குகிறதா? பாடம் உதவி பெறுவதா, சுயநிதியா? மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்? விடுதி பாதுகாப்பானதா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைக்கும் கல்லூரியில் சேருங்கள், அது சபை நடத்துவதானாலும் அரசு நடத்துவதானாலும். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பு உங்கள் வீடும் உங்கள் சபையும்தான். அந்தப் பொறுப்பை எந்தக் கல்லூரியின் தலையிலும் கட்டாதீர்கள்.