குருத்தணுவும் வலிப்பு நோயும்: நம்பிக்கை வேறு, வாணிகம் வேறு

நோயைப் படைத்த இறைவன் அதற்குரிய மருந்தையும் படைத்துள்ளான் என்பது நபிமொழி நமக்கு ஊட்டும் நம்பிக்கை. அம்மருந்தைத் தேடுவது அறிவுடையோர் கடமை. போலியை விலக்குவதும் அக்கடமையின் பகுதியே. வலிப்பு நோய்க்கு ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு மருத்துவம் பற்றிய பேச்சு பெருகிவரும் இக்காலத்தில் இதனை நாம் மறத்தலாகாது.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி மின்துடிப்புகளை எழுப்புவதே வலிப்பு. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். முறையான மருத்துவம் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். மருந்துக்கு அடங்காதோருள் சிலருக்கு அறுவை மருத்துவம் துணைபுரிகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இவ்வறுவை நடைபெற்று வருகிறது.

எஞ்சியோருக்கே குருத்தணு ஆய்வு நம்பிக்கை தருகிறது. மனிதக் கருவின் குருத்தணுக்களிலிருந்து, துடிப்பை அடக்கும் நரம்பணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, வலிப்பு தோன்றும் மூளைப் பகுதியில் செலுத்துகின்றனர். அமெரிக்காவில் 2022-இல் இவ்வாய்வில் முதல் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற சிலருக்கு வலிப்பு பெரிதும் குறைந்தது. எனினும் சிலரிடம் கண்ட நன்மை எல்லார்க்கும் உரிய மருந்தாகிவிடாது. அது நிலைக்குமா, தீங்கு விளைக்குமா என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தே தெளிய வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மச்சை மாற்றத்தையே ஏற்கப்பட்ட குருத்தணு மருத்துவமாகக் கொள்கின்றன. பிற நோய்களுக்கு அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம். அவ்வாய்வில் சேர்வோரிடம் பணம் பெறுதல் கூடாது. ஆதலின் நிலத்தையும் நகையையும் விற்றுவரச் சொல்பவர் ஆய்வாளர் அல்லர், வணிகரே என்று துணியலாம்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற மண். ஆயினும் வலிப்புற்றவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் இடாது காத்தலே உதவி. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ரெட்டியார்சத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கிணற்றோரமும் அடுப்படியும் இந்நோயாளிக்கு ஆபத்தான இடங்கள். மாத்திரையை இடையில் நிறுத்துவதும் அத்தகைய ஆபத்தே.

நோயினும் கொடியது இழிவு. வலிப்புற்ற ஒரு பெண்மணியைச் சுவனத்துக்குரியவர் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சுட்டிக்காட்டியதை நபிமொழித் தொகுப்புகள் பதிந்துள்ளன. அவரைப் போன்றோரைத் திருமணத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒதுக்க நமக்கு என்ன உரிமை?

மாணவச் செல்வங்களே! புதிய ஆய்வை வரவேற்போம். அது கனியும் வரை, கையிலுள்ள மருந்தை நோயாளி தவறாது உண்ணத் துணைநிற்போம். ஊர்ப் பெரியோர்களும் இதனை ஜமாஅத்திலும் மன்றத்திலும் எடுத்துரைத்தல் வேண்டும். வல்ல இறைவன் நம் முயற்சிக்கு அருள்புரிவானாக!