பெட்ரோல் குடிக்கும் பழைய மோட்டார் ஹோம்
படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோமை அமெரிக்காவின் ஜிஎம்சி 1973-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்ஜின் 7.5 லிட்டர் வி8! அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. பாவம், வாங்கியவர்கள். இன்றும் அதை ஆசையாக ஓட்டுபவர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 4 கி.மீ.தான் கிடைக்கிறது.

மைலேஜ் கூட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மருந்து என்று காசைக் கரைக்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 105 கி.மீ. வேகத்தில் போகிறவர் 90-க்கு இறங்கினால், அந்தத் தடையில் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது வழியெல்லாம் சுமப்பானேன்? இன்ஜின் சூடான பிறகும் கார்புரேட்டரின் சோக் மூடியே இருந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள்.