விளையாட்டுத் திரையில் ஒலிக்கும் இசை

“ஆடுவதானால் ஆடு, அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடு” என்பது, பிள்ளைகள் வீடியோ விளையாட்டில் அமர்ந்தவுடன் நம் இல்லங்களில் எழும் கட்டளை. சிறிய வீட்டில், அடுத்த வீட்டாரின் முகச்சுளிப்புக்கும் அஞ்சி வாழும் நமக்கு அஃது இயல்பே. ஆயினும் நாம் நிறுத்தச் சொல்வது சத்தத்தையா, விளையாட்டின் பாதியையா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

1978-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டில் இசையென்று இருந்தவை நான்கே தாழ்ந்த சுரங்கள். பகைவர் படை குறையக் குறைய எஞ்சியோர் விரைவர், சுரங்களும் விரையும், ஆடுவோர் நெஞ்சும் உடன் விரையும். 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இதனினும் நயமானது. அதற்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. அவருக்கு வாய்த்த கருவி ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளுக்குமேல் எழுப்ப வல்லதன்று. அவற்றுள்ளும் ஒன்று வெறும் இரைச்சல். அச்சிறு முதலைக்கொண்டு தரைக்கு ஒரு மெட்டு, பாதாளத்துக்கு ஒன்று, நீருக்கடியில் நீந்த மும்மூன்றாக எண்ணும் தாளத்தில் ஒன்று என வகுத்தார். எஞ்சிய நேரம் 100-க்குக் கீழ் இறங்கியதும் மெட்டு வேகம் பிடிக்கும். கண் திரையின் மூலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. காதே காலத்தை உணர்த்திவிடும்.

திரைப்படத்தில் எக்காட்சி எந்நொடியில் வருமென்று இசையமைப்பாளர் அறிவார். விளையாட்டிலோ, ஒரு பிள்ளை ஒரு வாயிலை நொடியில் கடப்பான். மற்றொருவன் அரைமணி அங்கேயே நிற்பான். இருவருக்கும் இசை பொருந்த வேண்டும். பாடகர் கற்பனைச் சுரத்தை எங்கே முடிப்பாரென்று அறியாமலே உடன்செல்லும் மிருதங்கக்காரரின் தொழில் இது. (அவருக்காவது பாடகரின் முகம் தெரியும்!)

நமக்கு நெருங்கியதாகத் தோன்றுவது, 1989-இல் ‘கேம் பாய்’ கருவியோடு பரவிய ‘டெட்ரிஸ்’ மெட்டு. அது ‘கொரோபெய்னிகி’ என்னும் ருஷ்ய நாட்டுப்பாடல். 1861-இல் நெக்ராசவ் இயற்றிய கவிதையிலிருந்து பிறந்தது. ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்போரைப் பற்றியது. சொற்கள் ருஷ்யாவிலேயே தங்கிவிட, மெட்டு மட்டும் உலகைச் சுற்றியது. வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இச்செய்தி மகிழ்ச்சியோடு சிறு கலக்கமும் தருகிறது. பாட்டியின் தாலாட்டும் நம் வீடுகள் சிலவற்றில் சொல்லிழந்து மெட்டாகவே நிற்கிறதன்றோ?

ஒருநாள் மாலை ஒலியை நிறுத்தாமல் பிள்ளையின் அருகே அமருங்கள். மெட்டு எங்கே மாறிற்று, ஏன் மாறிற்று என்று வினவுங்கள். விடை இந்தியிலோ ஆங்கிலத்திலோ வந்தால், சுரம், மெட்டு, தாளம் என்னும் மூன்று சொற்களை எடுத்துக் கொடுங்கள். அடுத்த கட்டம் தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும்.