கிரிக்கெட் ஒரே கையில்! காவல்காரர் கண்ணயரலாமா?

ஒரு தெருவில் இரண்டு மளிகைக்கடை இருந்தால் பருப்பு விலை கட்டுக்குள் இருக்கும். ஒருவர் விலையை ஏற்றினால் ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு முதலாளிகளும் கைகோத்து ஒரே கல்லாப்பெட்டி வைத்துவிட்டால்? அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை!

டி.வி. உலகத்தில் 2024-ம் ஆண்டு நடந்தது இதுதான்.

முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமமும் அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனியும் இந்தியாவில் தங்கள் டி.வி. தொழிலை ஒன்றாக இணைக்கப் போவதாக 2024 பிப்ரவரி 28-ந்தேதி அறிவித்தன. இணைந்த கம்பெனியின் மதிப்பு ரூ.70 ஆயிரத்து 352 கோடி. அடேயப்பா! நூற்றுக்கும் அதிகமான சேனல்கள். நம்மூர் விஜய் டி.வி.யும் கலர்ஸ் தமிழும்கூட ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன.

பெரிய முதலாளிகள் சேர்ந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் எல்லாம்!

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். மேட்ச்சை டி.வி.யில் காட்டும் உரிமையை ரூ.23 ஆயிரத்து 575 கோடிக்கு வாங்கியது டிஸ்னியின் ஸ்டார். செல்போனில் காட்டும் உரிமையை ரூ.20 ஆயிரத்து 500 கோடிக்குப் பிடித்தது ரிலையன்சின் வயாகாம்-18. உலகக் கோப்பை ஸ்டார் பக்கம். இந்தியா சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்கள் வயாகாம் பக்கம்.

இருவரும் மோதிக்கொண்டபோது லாபம் யாருக்கு? நமக்கு! 2023-ல் ஜியோ சினிமா ஐ.பி.எல்.லை செல்போனில் காசில்லாமல் காட்டியது. எதிராளி சும்மா இருப்பாரா? அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் ஹாட்ஸ்டார் செல்போனில் இலவசமாகக் காட்டியது. பஸ்சில் தொங்கிக்கொண்டு போனவரும் ஸ்கோர் பார்த்தார். கடையில் தராசு பிடித்தவரும் ஸ்கோர் பார்த்தார்.

இரண்டும் ஒன்றாகி 2025 பிப்ரவரி 14-ந்தேதி ஜியோ ஹாட்ஸ்டார் பிறந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லுக்கு என்ன ஆச்சு? கொஞ்ச நேரம்தான் இலவசம், அப்புறம் சந்தா. மூன்று மாதத்துக்கு ரூ.149-ல் ஆரம்பம்.

149 ரூபாய் பெரிய தொகையா? இன்றைக்கு இல்லை. ஆனால் நாளைக்கு இதே சந்தாவை ஏற்றினால் போவதற்கு எதிர்க்கடை எங்கே?

இதைக் கவனிக்கத்தான் டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது. 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் இணைவதானால் முதலில் அதனிடம் அனுமதி வாங்க வேண்டும். இணைப்பால் சந்தையில் போட்டி குறிப்பிடத்தக்க அளவுக்குக் கெடுமா என்பதே அது பார்க்கும் கணக்கு.

ஆணையம் சும்மா முத்திரை குத்திவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கேள்வி மேல் கேள்வி கேட்டது. கம்பெனிகள் இறங்கி வந்தன. ஏழு சேனல்களைக் கைவிட ஒப்புக்கொண்டன. ஐ.பி.எல்., உலகக் கோப்பை, இந்திய வாரிய ஆட்டங்கள் மூன்றின் விளம்பரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்க மாட்டோம், விளம்பரக் கட்டணத்தை நியாயமில்லாமல் ஏற்ற மாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தன. 2024 ஆகஸ்டு 28-ந்தேதி அனுமதி கிடைத்தது. நவம்பர் 14-ந்தேதி கல்யாணம் முடிந்தது.

நல்லது. ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, மூட்டை கட்ட மாட்டோம் என்ற வாக்குக்கு ஆயுள், கையில் இருக்கும் உரிமைகள் முடியும்வரைதான். ஐ.பி.எல். உரிமை 2027 வரை. அடுத்த ஏலம் வரும்போது? பழைய வாக்கு காலாவதி ஆகியிருக்கும். ஒன்றான கம்பெனி அப்படியே இருக்கும்.

இரண்டாவது, அனுமதி தந்தது ஆகஸ்டில்; விவரமான உத்தரவு வெளியே வந்தது அக்டோபரில். சந்தா கட்டுகிற ஜனங்களுக்கு, முடிவு எடுத்த பிறகுதான் விவரம் கைக்கு வந்தது!

மூன்றாவதுதான் பெரிசு. ஆணையம் பார்ப்பது வியாபாரக் கணக்கு. டி.வி. வெறும் பருப்பு வியாபாரமா? அதில் செய்தி இருக்கிறது, கருத்து இருக்கிறது. ஒரே குழுமம் எத்தனை சேனல், எத்தனை பத்திரிகை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு வேண்டும் என்று டிராய் 2014-லேயே பரிந்துரை செய்தது. பத்து வருஷம் கழித்து இந்த இணைப்பு வந்தபோதும் அதற்குச் சட்டம் இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு வழி உண்டு. கருத்துப் பன்மை கெடுமா என்று தனியே விசாரிக்க மந்திரி உத்தரவிடலாம். ரூபர்ட் மர்டாக் பிஸ்கைபி டி.வி. முழுவதையும் வாங்கப் பார்த்தபோது அந்தக் கேள்வி எழுந்தது. பத்திரிகை ஒட்டுக்கேட்பு விவகாரமும் சேர்ந்து வெடிக்க, 2011 ஜூலையில் அவர் பின்வாங்கினார்.

யூடியூப் இருக்கிறது, நெட்பிளிக்ஸ் இருக்கிறது, அமேசான் இருக்கிறது, போட்டிக்கு என்ன பஞ்சம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். சினிமாவுக்கும் சீரியலுக்கும் அது சரி. சென்னை அணியும் மும்பை அணியும் மோதுகிற அன்றைக்கு, நெட்பிளிக்சைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய கம்பெனியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஜீயும் சோனியும் இணைய 2022-ல் இதே ஆணையம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. 2024 ஜனவரியில் சோனி முறித்துக்கொண்டது. சேருவதும் பிரிவதும் வியாபாரத்தில் சகஜம்.

நாம் கேட்பது இவ்வளவுதான். கொடுத்த வாக்கைக் கம்பெனி காப்பாற்றுகிறதா என்று ஆணையம் ஆண்டுதோறும் பகிரங்கமாகச் சொல்லட்டும். அடுத்த ஐ.பி.எல். ஏலத்துக்கு முன்பே புதிய நிபந்தனைகளைப் பற்றி யோசிக்கட்டும். சந்தா கட்டுபவர், கேபிள்காரர், விளம்பரம் கொடுக்கும் சின்னக் கடைக்காரர் ஆகியோர் பேச்சையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். டிராய் பரிந்துரைக்கு மத்திய அரசு உயிர் கொடுக்கட்டும்.

பூட்டுப் போட்டது சரி. சாவி யாரிடம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?