உறை சொல்லும் ஊர்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010இல் வந்தது, டைம்லர் லாரி ஆலை 2012இல் வந்தது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்களுக்குக் கொரியரும் ஜப்பானியரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் குடும்பத்தோடு வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் கப்பலேற்ற முடியாது. அரிசி குக்கர், குழந்தைகளின் சைக்கிள், மடக்கு நாற்காலி என்று விட்டுப் போகிற சாமான்களோடு ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிவிடிகளும் இருக்கும்.

அந்தப் பெட்டிகள் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. வட்டுகளின் மேல் எனக்கு இருக்கும் பித்து தெரிந்த கடைக்காரத் தம்பி ஒருவர், பெட்டி வந்தால் கூப்பிடுவார். ‘அண்ணே, இது நம்ம பிளேயர்ல ஓடுமா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். கணினியில் அப்படிப் போட்டுப் பார்க்கக் கூடாது. 2000ஆம் ஆண்டிலிருந்து வந்த கணினி டிவிடி டிரைவ்களில் மண்டல எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும். கடைசி முறை எந்த எண்ணில் நிற்கிறதோ, அதோடு டிரைவ் பூட்டிக்கொள்ளும். ‘மண்டலத்தை மாற்றவா?’ என்று திரை கேட்கும்போது யோசிக்காமல் சரி சொல்லிச் சொல்லி, டிரைவைக் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் வட்டை உள்ளே தள்ளும் முன்பே அது எந்த நாட்டுக்கு வெளியிடப்பட்டது என்று உறையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டிவிடி வந்தபோது ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் வற்புறுத்தலில் உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவில் வட்டாக வந்துவிட்ட படம் வேறொரு நாட்டில் அப்போதுதான் தியேட்டருக்கு வரும். அந்த வசூல் கெட்டுவிடக் கூடாது என்பது கணக்கு. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2. கொரியாவும் தென்கிழக்கு ஆசியாவும் 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. பின்னட்டையில் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் இந்த எண் இருக்க வேண்டும். பல உறைகளில் அது இருக்காது; இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், அல்லது வாடகைக் கடை ஸ்டிக்கர் அதன் மேலேயே ஒட்டியிருக்கும்.

வயது முத்திரை அப்படி ஒளிந்துகொள்வதில்லை. இந்தப் படம் யார் பார்க்கத் தக்கது என்று சொல்லும் அந்தக் குறியைப் பல நாடுகளில் சட்டமே கேட்கிறது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னட்டையின் இடது கீழ் மூலையில் 1,200 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத அளவில் முத்திரை இருக்க வேண்டும் என்று 2008இல் விதி வந்தது. பட ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நிறுவனங்கள் உறைத்தாளின் மறுபக்கத்தில் முத்திரையில்லாத அட்டையை அச்சிட்டுத் தந்தன. வீட்டுக்குப் போய்த் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். டைம்லர் குடும்பங்கள் விட்டுச் சென்ற உறைகளில் முத்திரை காணவில்லையென்றால் தாளைத் திருப்பிப் பாருங்கள், இருக்கும். சாய்சதுரத்துக்குள் 0, 6, 12, 16, 18 என்ற எண்களில் ஒன்று. 0 வெள்ளை, 6 மஞ்சள், 12 பச்சை, 16 நீலம், 18 சிவப்பு.

சில முத்திரைகள் ஒரே பார்வையில் நாட்டைச் சொல்லிவிடும். ‘பி.ஜி.12’ அல்லது ‘ஆர்15+’ என்றால் ஜப்பான். ‘என்.சி.16’, ‘எம்18’ என்றால் சிங்கப்பூர். ‘14ஏ’ கனடா. ‘எம்.ஏ.15+’ ஆஸ்திரேலியா. ‘பி13’ மலேசியா, அங்கே 2010க்கு முந்திய வட்டாக இருந்தால் 18க்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் சேர்ந்து, வன்முறையா ஆபாசமா என்று காரணத்தையும் சொல்லும். ‘யு/ஏ’ நம்முடையது. 1983 வரை நம்மிடம் யு, ஏ இரண்டே இருந்தன. அந்த ஆண்டில்தான் யு/ஏ-யும் எஸ்-ஸும் சேர்ந்தன. 2024இல் யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் வட்டுக் காலமே முடிந்துவிட்டது.

ஏமாற்றுகிற முத்திரைகளும் உண்டு. ‘பி.ஜி.’ அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. 12, 15 என்ற எண்கள் பிரிட்டனிலும் இருக்கின்றன, கொரியாவிலும் இருக்கின்றன. அங்கே வடிவத்தையும் வண்ணத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் யு பச்சை முக்கோணம், பி.ஜி. மஞ்சள் முக்கோணம், 12, 15, 18 மூன்றும் வட்டம். நம் யு-வுக்கு அப்படி முக்கோணம் கிடையாது. ஒரே உறையில் இரண்டு முத்திரைகள் இருந்தாலும் குழம்ப வேண்டாம். பிரிட்டனுக்கு அச்சிட்ட உறையில் அயர்லாந்து முத்திரையும், ஆஸ்திரேலிய உறையில் நியூசிலாந்து முத்திரையும் சேர்ந்து வருவது வழக்கம்.

நாடு தெரிந்துவிட்டால் மற்றவை தாமே வரும். ஜப்பான் டிவிடியும் ஜெர்மன் டிவிடியும் ஒரே 2ஆம் மண்டலம்தான். ஆனால் டிவி முறையில் ஜப்பான் என்.டி.எஸ்.சி., ஜெர்மனி நம்மைப் போல ‘பால்’. ப்ளூரேவுக்கு வந்தால் பங்காளிகளே மாறிவிடுகிறார்கள். அதில் மண்டலம் மூன்றே: ஜப்பானும் கொரியாவும் அமெரிக்காவோடு சேர்ந்து ‘ஏ’, ஜெர்மனி ‘பி’, இந்தியா ‘சி’. டிவிடியில் பிரிந்திருந்த ஜப்பானும் கொரியாவும் ப்ளூரேவில் ஒன்று. டிவிடியில் ஒன்றாக இருந்த ஜப்பானும் ஜெர்மனியும் ப்ளூரேவில் வேறு. மண்டல எண்ணை மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். முத்திரையைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடித்தவர் தடுமாற மாட்டார்.

இவ்வளவும் பிறமொழி வட்டுகளுக்கு. நான் இதைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டது தமிழ்ப் படங்களுக்காக.

மண்டல வரைபடத்தின் மேல் தமிழர் வாழும் ஊர்களை வைத்துப் பாருங்கள். சென்னையும் யாழ்ப்பாணமும் 5. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் 3. லண்டனும் பாரிஸும் 2. டொரன்டோ 1. சிட்னி 4. ஆறில் ஐந்து மண்டலங்களில் நமக்குக் கடைத்தெரு இருக்கிறது. ஐந்து பூட்டுப் போட்டு ஒரு தமிழ்ப் படத்தை விற்றால் கட்டுப்படியாகுமா? அதனால் லண்டன் ஐங்கரன் போன்ற வெளிநாட்டு வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் எல்லா மண்டலத்திலும் ஓடும்படியே வட்டு போட்டார்கள். பார்க்கிறவருக்கு வசதி. ஆனால் இந்தப் பிரதி எங்கே விற்க வந்தது என்று பின்னாளில் தேடுகிறவருக்கு மண்டல எண் ஒன்றும் சொல்லாது. அவருக்கு முத்திரைதான் சாட்சி.

பிரதி எங்கிருந்து வந்தது என்பது ஏன் முக்கியம்? படமே மாறியிருக்கக் கூடும் என்பதால். 2011 முதல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமானால் யு சான்று கட்டாயம் என்று இருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை, யு/ஏ வாங்கிய படத்தைக் கூட வெட்டிக் குறைத்து யு வாங்கினார்கள். அதே படம் பிரிட்டனுக்குப் போனால் அங்கே பெரும்பாலும் யு கிடைக்காது. அடிதடிப் படம் 12 அல்லது 15 வாங்குவது சாதாரணம். அந்த நாட்டுத் தணிக்கை தன் பங்குக்கு வேறு காட்சியை வெட்டச் சொல்லும். ஆக, ஒரே படத்தின் சென்னைப் பிரதியும் லண்டன் பிரதியும் சிங்கப்பூர்ப் பிரதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

நீளத்தை மட்டும் பார்த்து வெட்டு என்று முடிவுகட்டவும் கூடாது. படச்சுருள் காலத்துப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்றால் ஏறத்தாழ 146 நிமிடம். தியேட்டரில் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடிய அதே படத்தை ‘பால்’ முறை 25 சட்டங்களாக ஓட்டும்; ஒரு காட்சி கூடக் குறையாமல் 140 நிமிடத்தில் முடிந்துவிடும். என்.டி.எஸ்.சி. வட்டில் 146 நிமிடமே இருக்கும். ஆறு நிமிடம் காணோமே என்று பதறும் முன் உறையைப் பார்த்து இது எந்த நாட்டு வட்டு, எந்த முறை என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டு வட்டுக்கும் உறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் சேர்த்த 52ஏ பிரிவின்படி, தணிக்கைச் சான்றின் நகல், வட்டைத் தயாரித்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரிடம் அனுமதி பெற்ற உறுதிமொழி, உரிமையாளரின் பெயர் முகவரி எல்லாம் வட்டிலும் உறையிலும் காட்டப்பட வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறை. இதோடு அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிட்டிருந்தால் அது இந்தியச் சந்தைக்கு வந்த உறை என்பதில் சந்தேகமே வேண்டாம். மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் டிவிடி 34 ரூபாய், விசிடி 28 ரூபாய் என்று தமிழ்ப் படங்களை இறக்கியதே, அந்த உறைகளை எடுத்துப் பாருங்கள். திருட்டு வட்டின் விலைக்கு நல்ல வட்டு கிடைத்த காலம் அது. அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது.

திருட்டு வட்டின் உறை பொய் சொல்லும். அமெரிக்க உறையை அப்படியே நகலெடுத்திருப்பார்கள்; அந்நாட்டு முத்திரை இருக்கும், நம் தணிக்கைச் சான்று இருக்காது. அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் வீட்டில் எழுதிய வட்டு. ஆலையில் அச்சான வட்டு என்றால் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஐ.எஃப்.பி.ஐ. என்று தொடங்கும் ஆலைக் குறி பொதுவாக இருக்கும். திருட்டு வட்டு வியாபாரம் இங்கே எவ்வளவு பெருத்திருந்தது என்றால், 2004இல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் கொண்டுவந்தது தமிழ்நாடு அரசு.

இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நான் புதிதாக எதுவும் கற்றுத்தரவில்லை. ஒரே வரிசையில் தயாராகும் கார் எந்த நாட்டுக்குப் போகிறது, ஒரே மாதிரிப் பெட்டி எந்தச் சந்தைக்கு என்று ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்கிற கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கண்ணைச் சினிமா வட்டின் பக்கமும் திருப்பக் கேட்கிறேன்.

வீட்டில் இடமில்லை என்று டிவிடிகளை ஜிப் வைத்த பைக்கு மாற்றிவிட்டு, உறைகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறவர்கள் நிறைய. வட்டு பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். உறை போனால் அது எந்த நாட்டு வெளியீடு, எந்தத் தணிக்கையின் வெட்டுக்கு உட்பட்டது, யார் வெளியிட்டது என்ற தகவல் எல்லாம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து சித்தப்பாவோ அத்தையோ கொண்டுவந்து கொடுத்த தமிழ்ப் பட வட்டு உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து உறையோடு வைத்திருங்கள். பிளாஸ்டிக் பெட்டி உடைந்திருந்தால் அதைப் போட்டுவிட்டு, உள்ளிருக்கும் அச்சுத்தாளை மட்டுமாவது வட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள்.