அவளுடைய சாயங்காலம்

"சாயங்காலம் வந்து குழந்தையைப் பார்த்துக்கிறா, கூடமாட ஒத்தாசையா இருக்கா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான்." பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பள்ளிச் சிறுமியைப் பற்றி நடுத்தர வர்க்க வீடுகளில் இப்படித்தான் பேசுகிறோம். ஏழைக் குடும்பத்துக்குக் கை கொடுக்கிறோம் என்று மனதார நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறானது.

பள்ளி விட்டதும் பையை வைத்த கையோடு வருகிறாள். குழந்தைக்குப் பால் ஆற்றுகிறாள், வெங்காயம் உரிக்கிறாள், காய்ந்த துணியை மடிக்கிறாள். இருட்டிய பிறகு வீடு திரும்பினால் அங்கே தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பிக்குச் சோறு போட வேண்டும். அதே நேரத்தில் இந்த வீட்டுப் பிள்ளை டியூஷனில் உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்தால் பொறுப்பு வரும் என்பவர்கள் தம் பிள்ளையை யார் வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க அனுப்புவதில்லை.

படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது அடுத்த சமாதானம். அரசுப் பள்ளியில் அவளுக்குப் பாடநூல், சீருடை, மதிய உணவு, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். அவளுக்குக் குறைவது படிக்கும் நேரம். நாம் எடுத்துக்கொள்வதும் அதையே. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரக் குறித்த நேரம் மாலை 5 முதல் 7 வரை. அந்த நேரத்தில் அவள் நம் அடுப்படியில் நிற்கிறாள்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் எல்லாத் தொழில்களுக்கும் தடையை விரித்தது. 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி நேரம் முடிந்து செய்யலாமே என்று சிலர் வாதாடுவார்கள். அந்த விலக்கு சொந்தக் குடும்பத்துக்கு உதவும் பிள்ளைக்கு மட்டும். 'நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி' இருப்பவள் அதில் வரமாட்டாள். 14 முடிந்தவர்களுக்குச் சட்டம் அபாயத் தொழில்களை மட்டுமே தடுக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருவது அந்த வயதில்தான்.

அவளுடைய அம்மாவை ஏன் கூப்பிடவில்லை? அம்மா மணிக்கணக்கு பார்த்துச் சம்பளம் கேட்பார், லீவு எடுப்பார், கட்டுப்படியாகாவிட்டால் நின்றுவிடுவார். சிறுமி பலகாரத்துக்கும் தீபாவளிச் சுடிதாருக்கும் தலையாட்டுவாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்பதால்தான் அவள் சௌகரியமாக இருக்கிறாள்.

நம் மாலைகள் திணறுவது உண்மை. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் களைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் தருகிறார்கள். ஆண்கள் தருவது 97. இந்தப் பள்ளத்தைத்தான் ஒரு சிறுமியைக் கொண்டு நிரப்புகிறோம்.

அவள் கொண்டுபோகும் பணம் அந்தக் குடும்பத்துக்குத் தேவைதான். அதை அம்மாவுக்கு முறையான சம்பளமாகக் கொடுக்கலாம். அது கட்டுப்படியாகாத வீட்டில், ஆபீஸிலிருந்து வந்ததும் டிவி முன்னால் உட்காரும் ஆண் எழுந்துபோய் வெங்காயம் உரிக்கட்டும்.