நீலக் குளிசையின் விலை

விளையாட்டில் பதக்கப் பட்டியல்களே பெரிதாக அச்சேறுகின்றன. அப்பதக்கங்களுக்கு உடல்கள் கொடுத்த விலையே முதலில் எழுதப்பட வேண்டியது என்பது என் கருத்து.

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 13 நீச்சல் போட்டிகளில் 11இல் கிழக்கு ஜேர்மனி தங்கம் வென்றது. ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னர் வெளிவந்த ஆவணங்கள் இரகசியத்தை உடைத்தன. 'ஓரல் டூரினபோல்' என்னும் செயற்கை ஸ்டீரொயிட், நீலக் குளிசையாகப் பதின்ம வயதுச் சிறுமியருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. விற்றமின் என்றே பலரிடம் சொல்லப்பட்டது.

ஆண்மைக்குரிய டெஸ்டொஸ்டெரோன் ஹோர்மோனைப் போலச் செயற்படும் இம்மருந்து தசையைப் பெருக்கும். ஆனால் தசையோடு நின்றுவிடாது. பெண்களின் குரல் தடிக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆண்களின் உடலோ தனது சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், விதைகள் சுருங்கும், விந்தணுக்கள் குறையும். ஈரலும் இதயமும் பாதிப்படையும். வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடலாம்.

2000ஆம் ஆண்டில் பேர்லின் நீதிமன்றம், கிழக்கு ஜேர்மன் விளையாட்டுத்துறைத் தலைவராக இருந்த மன்ஃபிரெட் ஏவால்டுக்கு 22 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. குளிசையை விழுங்கிய சிறுமியர் பலருக்கோ அது ஆயுள்தண்டனை ஆயிற்று.

இன்று உடற்பயிற்சி நிலையங்களில் இளைஞர்கள் இதே வகை மருந்துகளைத் தாமாகவே நாடுகின்றனர். அவர்களைப் பழிப்பதால் மௌனமே வளரும். மருந்தைக் கையில் கொடுப்பவரிடம் "இது என்ன? என் உடலை என்ன செய்யும்?" என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். அச்சிறுமியருக்கு மறுக்கப்பட்டது அந்த விடைதான்.